கடலில்லாத ஊரில் ஒரு கடல்தொட்டி: ஃபில்டர் வந்த கதை

"திண்டுக்கல்ல உக்காந்துக்கிட்டு கடல் மீன் வளக்குறியா? எதுக்கு, குழம்பு வைக்கவா?"

தொட்டியை முதல் தடவை பார்த்தப்ப எங்க தாய்மாமா கேட்டது இது. அவர் மேல தப்பில்லை. எங்க ஊர்ல இருந்து நான் கடலுக்குப் போறதுன்னா மண்டபம். மதுரை, மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம்னு இருநூறு கிலோமீட்டருக்கு மேல போகணும். பூட்டு, பிரியாணி, மலைக்கோட்டைன்னு பேர் வாங்கின ஊர்ல பவளத்தொட்டி வைக்கிறவனைப் பார்த்தா யாருக்கும் அப்படித்தான் கேக்கத் தோணும்.

ஆனா நம்ம பதிவர்கள்லயே இதே கிறுக்குப் பிடிச்சவங்க சிலர் இருக்காங்கன்னு இப்பதான் தெரிஞ்சது. மூணு பேர் மெயில் போட்டிருந்தாங்க. மூணு பேருக்கும் ஒரே கேள்வி: "எந்த ஃபில்டர் வாங்கலாம்?" ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் தட்டி விரல் ஓய்ஞ்சு போச்சு. அதனால இந்தப் பதிவு. நேரா பதில் சொல்லாம ஒரு நூத்தெழுபது வருஷக் கதையைச் சொல்லப் போறேன். பொறுமையில்லாதவங்க நேரா கடைசிப் பகுதிக்குப் போயிடலாம், கோவிச்சுக்க மாட்டேன் :-)

எங்க அப்பத்தா வீட்டுல மூணு பானை ஒண்ணுமேல ஒண்ணா ஒரு மரச்சட்டத்துல நிக்கும். மேல் பானையில கூழாங்கல்லும் மணலும், நடுப் பானையில அடுப்புக்கரி, கீழ்ப் பானையில தண்ணி. மழைக்காலத்துல கலங்கல் வந்தா ஒரு மண்சட்டியில தேத்தாங்கொட்டையை உரசி ஊத்திடுவாங்க, மண்ணெல்லாம் அடியில போய்ப் படிஞ்சுடும். இப்பக் கடையில 'மெக்கானிக்கல், கெமிக்கல்'னு பெட்டி மேல போட்டு விக்கிற ரெண்டு வேலையும் அந்தச் சட்டத்துலயே இருந்தது. மணல் தூசியைப் பிடிக்கும், கரி வாசத்தையும் நிறத்தையும் பிடிக்கும்.

அப்பத்தாவுக்குத் தெரியாம அங்க மூணாவது வேலை ஒண்ணும் நடந்திருக்கும். நாள்பட்ட மணல்ல கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் வழவழன்னு ஒரு படலமா ஒட்டிக்கிட்டு, தண்ணியில இருக்கிற அழுக்கைத் தின்னும். பெரிய ஊர்களோட குடிநீர் வேலைகள்லயும் இதே சங்கதிதான். 1914ல மேட்லின்னு ஒரு பொறியாளர் போட்ட திட்டப்படி கீழ்ப்பாக்கத்துல சென்னைக்காகக் கட்டினது மெதுமணல் வடிகட்டி. அதுல உண்மையில தண்ணியைச் சுத்தம் பண்றது மணலுக்கு மேல படியுற அந்த உயிர்ப்படலம்தான். மணல் அதுக்குக் குடியிருக்க வீடு, அவ்வளவுதான்.

இந்த மூணாவது வேலைதான் பவளத்தொட்டியோட உயிர். அதைக் கண்டுபிடிக்கத்தான் மனுஷனுக்கு இவ்வளவு காலம் ஆச்சு.

கதை 1846ல ஆரம்பிக்குது. இங்கிலாந்துல டார்க்கீங்கிற கடற்கரை ஊருக்குப் போன ஆனா தைன் அம்மையார் அங்க பாறையில இருந்து சின்னச் சின்னக் கல்பவளங்களை எடுத்து லண்டனுக்குக் கொண்டு வந்தாங்க. பாதிரியாரோட மனைவி, வெஸ்ட்மின்ஸ்டர் பக்கத்துல வீடு. கடல்தண்ணியைக் கடற்கரையில இருந்து வரவழைச்சுக்கிட்டாங்க. ஆனா அடிக்கடி வரவழைக்க முடியாதே! பழைய தண்ணியையே திரும்பப் பயன்படுத்த ஒரு வழி பண்ணாங்க. வீட்டு வேலைக்காரப் பொண்ணு திறந்த ஜன்னல் முன்னாடி நின்னுக்கிட்டு, ஒரு பாத்திரத்துல இருந்து இன்னொரு பாத்திரத்துக்குத் தண்ணியை ஊத்தணும். அரை மணி, முக்கால் மணி நேரம், நாம டீ ஆத்துற மாதிரி. அடுத்த வருஷம் கடற்பாசிச் செடிகளையும் தொட்டியில சேர்த்தாங்க. அந்தப் பவளங்கள் வருஷக்கணக்கா உயிரோட இருந்து குட்டியும் போட்டுச்சு.

யோசிச்சுப் பாருங்க. உலகத்துல பவளத்தொட்டிக்கு வெச்ச முதல் ஃபில்டர் மோட்டார் ஒரு பொண்ணோட ரெண்டு கை. நான் படிச்ச எதுலயும் அவ பேர் இல்லை. இந்தப் பொண்ணை ஞாபகம் வெச்சுக்கங்க, நம்ம ஊர்ல 2012ல மறுபடியும் வருவா.

அதே சமயத்துல லண்டன்லயே ராபர்ட் வாரிங்டன்னு ஒரு வேதியியல்காரர் ஒரு கண்ணாடித் தொட்டியில தங்கமீன், தண்ணிச்செடி, நத்தை மூணையும் வெச்சுப் பார்த்தார். மீன் விடுற மூச்சைச் செடி எடுத்துக்கும், செடி விடுறதை மீன் எடுத்துக்கும், அழுகுற இலையை நத்தை தின்னுடும். 1850ல இதைக் கட்டுரையா எழுதினார். கொஞ்ச நாள்ல கடல்தண்ணிக்கும் மாறினார். 1853ல லண்டன் மிருகக்காட்சி சாலையில மீன் வீடு திறந்தாங்க. 1854ல பிலிப் ஹென்றி காஸ் எழுதின புத்தகத்தால 'அக்வேரியம்'ங்கிற பேர் நிலைச்சது. அவரே நாலு உப்பு கலந்து செயற்கைக் கடல்தண்ணியும் செஞ்சு பார்த்தார். (கடையில விக்கிற கல்லுப்பைக் கரைச்சா கடல்தண்ணி ஆயிடாதான்னு ஒருத்தர் கேட்டிருந்தீங்க. ஆகாதுங்க. உப்பளத்துல சோடியம் உப்பு படிஞ்சதும் மெக்னீசியம் எல்லாம் மிச்சமிருக்கிற கசப்புத் தண்ணியில தங்கிடும். நமக்கு வேணுங்கிறதுல பாதி அங்கதான் போயிடுது.)

செடி வெச்சா போதும்னு நம்பி லண்டன்ல வீட்டுக்கு வீடு தொட்டி வெச்சாங்க, நிறைய தொட்டிகள் நாறிப் போச்சு. மீன் போடுற கழிவுல இருந்து வர்ற அம்மோனியா எங்க போகுதுன்னு அப்ப யாருக்கும் தெரியாது. எனக்கு இந்த வரலாற்றுல ரொம்பப் பிடிச்ச இடம் இனிமேதான் வருது. வாரிங்டனோட மகன், அவர் பேரும் ராபர்ட் வாரிங்டன், ராத்தம்ஸ்டட் விவசாய ஆராய்ச்சி நிலையத்துல வேலை பார்த்தார். அம்மோனியாவை நைட்ரேட்டா மாத்துறது மண்ணுல இருக்கிற உயிர்கள்னு 1877ல பிரான்ஸ்ல கண்டுபிடிச்சிருந்தாங்க. மகன் வாரிங்டன் அதைத் தொடர்ந்து போய், இது ரெண்டு படியில நடக்குது, அம்மோனியாவை நைட்ரைட் ஆக்குறது ஒரு கூட்டம், நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குறது இன்னொரு கூட்டம்னு காட்டினார். அந்த பாக்டீரியாவைத் தனியாப் பிரிச்செடுக்க அவரால முடியலை. 1890 வாக்குல வினோகிராட்ஸ்கிங்கிற ரஷ்யர் அதைச் செஞ்சார்.

அப்பா தொட்டி வெச்சார். தொட்டி ஏன் உயிரோட இருக்குங்கிறதுக்கு விடையை மகன் வயக்காட்டு மண்ணுல தேடிக் கண்டுபிடிச்சார். ஆனா அவர் கண்டுபிடிச்சது உரத்துக்காக! மீன் வளர்க்கிறவங்க காதுக்கு இது முழுசா வந்து சேர இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல ஆச்சு. (தொட்டியில நைட்ரைட்டைத் தின்னுறது பாடப்புத்தகத்துல இருந்த பாக்டீரியா இல்லை, நைட்ரோஸ்பைராங்கிற வேற வகைன்னு ஹொவனெக் குழு எழுதினது 1998ல. இவ்வளவு காலம் ஆள் மாறாட்டம்!)

நடுவுல நீராவி வந்துடுச்சு. 1871ல லண்டன் கிரிஸ்டல் பேலஸ்ல வில்லியம் அல்ஃபோர்ட் லாய்ட் கட்டின அக்வேரியத்துல, பார்க்கிற தொட்டிகள்ல இருந்த தண்ணியைவிடப் பல மடங்கு தண்ணி கீழே இருட்டுத் தொட்டியில இருந்தது. பம்பு ராத்திரி பகலா அதை மேலயும் கீழயும் ஓட்டிக்கிட்டே இருக்கும். பாக்டீரியா கதை எதுவும் தெரியாமலே அவர் சரியா செஞ்சிருக்கார்: நிறைய தண்ணி, ஓட்டம், காத்து. இன்னைக்கு நாம தொட்டிக்கு அடியில வைக்கிற 'சம்ப்'போட தாத்தா அதுதான். 1874ல திறந்த நேப்பிள்ஸ் அக்வேரியத்துலயும் அவர் யோசனை இருக்கு.

நம்ம பக்கம்? 1909ல சென்னை மெரினாவுல கடல்மீன் காட்சியகம் திறந்தாங்க. ராமேஸ்வரம் கடலோட முத்து, சங்கு, கடல் உயிர்கள் பத்தி 1890லயே எழுதின எட்கர் தர்ஸ்டன் தலைவரா இருந்த சென்னை அருங்காட்சியகம்தான் அதைக் கவனிச்சுக்கிட்டது, 1919ல மீன்வளத் துறைக்குப் போச்சு. ரெண்டாம் உலகப் போர் காலத்துல மூடிட்டாங்க. அங்க ஒரு வசதி, கடல் வாசல்லயே இருந்தது. வாசல்ல கடல் இருக்கிறவனுக்கு ஃபில்டர் பத்திப் பெருசா கவலை இல்லை, பழசைக் கொட்டிட்டுப் புதுசு எடுத்துக்கலாம். கவலையெல்லாம் நம்மள மாதிரி சிறுமலை அடிவாரத்துக்காரங்களுக்குத்தான்.

சரி, வீட்டுக்குள்ள வருவோம். 1950கள்ல அமெரிக்காவுல ராபர்ட் ஸ்ட்ரான்ங்கிறவர் கடல்தொட்டிக்கு அண்டர் கிராவல் ஃபில்டரைப் பரப்பினார். அடியில துளைத் தட்டு, மேல சரளை, காத்துக்குழாய் சரளை வழியா தண்ணியை இழுக்கும். அப்பத்தா பானைதான் இது, ஆனா இந்தத் தடவை மூணாவது வேலைக்காகவே கட்டின பானை. மீன் நல்லா வாழ்ந்துச்சு. பவளம் வாழலை. ஏன்னா அம்மோனியா நைட்ரேட்டா மாறிச்சே தவிர, நைட்ரேட் எங்கயும் போகலை, சேர்ந்துக்கிட்டே இருந்தது. மீன் அதைத் தாங்கும், பவளம் தாங்காது. 1986ல ஜார்ஜ் ஸ்மிட் எழுதின கட்டுரைகளுக்கு அப்புறம் பரவின 'ட்ரிக்கிள்' ஃபில்டருக்கும் இதே கதைதான். தண்ணி சொட்டுச் சொட்டா பிளாஸ்டிக் உருண்டை மேல விழும், பாக்டீரியா காத்துல கும்மாளம் போடும், நைட்ரேட் மலை மாதிரி ஏறும். அந்த உருண்டையை இன்னைக்கும் நம்ம கடைகள்ல 'பயோ பால்'னு கிலோக் கணக்குல தள்ளி விடுறாங்க.

விடையை இதுக்கெல்லாம் முன்னாடியே ஒருத்தர் சொல்லிட்டார். ஜகார்த்தாவுல லீ சின் எங். 1961ல அமெரிக்க மீன் பத்திரிகை ஒண்ணுல எழுதினார். அவர் தொட்டியில ஃபில்டரே இல்லை! கடல்ல இருந்து உயிரோட எடுத்த பாறைகள், கடல்தண்ணி, வெயில், ஒரு காத்துக்குழாய்ல இருந்து பெரிய பெரிய குமிழி. அவ்வளவுதான். பவளம் வளர்ந்துச்சு. மேல்நாட்டுக்காரங்க ரொம்ப நாள் நம்பலை. நம்மள மாதிரியே வெயில் காயுற ஊர்க்காரர் சொன்னதுங்கிறதாலயோ என்னவோ.

அவர் தொட்டி ஏன் வேலை செஞ்சதுன்னா, அந்தப் பாறை முழுக்கத் துளை. வெளிப்பக்கம் காத்து கிடைக்கிற இடத்துல வாரிங்டன் மகன் சொன்ன ரெண்டு கூட்டமும் இருக்கும். உள்ளே போகப் போக ஆக்சிஜன் தீர்ந்துடும். அங்க மூணாவதா ஒரு கூட்டம் இருக்கு. அது மூச்சு விட நைட்ரேட்ல இருக்கிற ஆக்சிஜனைப் பிடுங்கிக்கும், மிஞ்சுற நைட்ரஜன் வாயுவா மேல போயிடும். ஒரே கல்லுல மூணு ஃபில்டர். இதுக்குப் பேர் 'லைவ் ராக்'.

மேற்கு பெர்லின்ல டீட்ரிச் ஸ்ட்யூபரும் அவர் கூட்டாளிகளும் 1970கள்ல இருந்து இதோட ரெண்டு விஷயம் சேர்த்தாங்க. ஒண்ணு, ஸ்கிம்மர். நெய்க்காரப்பட்டிப் பக்கம் வெல்லம் காய்ச்சுற இடத்துக்குப் போயிருக்கீங்களா? கொப்பரையில கருப்பஞ்சாறு கொதிக்கிறப்ப அழுக்கெல்லாம் நுரையோட மேல வரும், கரண்டியால வழிச்சு எடுத்துடுவாங்க. ஸ்கிம்மரும் அதேதான், ஆனா நெருப்புக்குப் பதிலா பொடிப்பொடிக் குமிழி. மீன் கழிவுல இருக்கிற புரதம் குமிழியில ஒட்டிக்கிட்டு, நுரையா மேல ஏறி ஒரு கோப்பையில வழிஞ்சுடும். அழுகி அம்மோனியா ஆகிறதுக்கு முன்னாடியே வெளியே எடுத்துடுறோம். (நல்ல தண்ணியில இது சரியா வேலை செய்யாது. உப்புத் தண்ணியிலதான் குமிழி பொடியா நிக்கும்.)

ரெண்டாவது, சுண்ணாம்பு. பவளம் எலும்பு கட்ட கால்சியம் வேணும். ஜெர்மன்ல எழுதின பீட்டர் வில்கென்ஸ் சொன்ன வழி: சுத்தமான சுண்ணாம்பைத் தண்ணியில கரைச்சு, தெளிஞ்ச மேல்தண்ணியை மட்டும் சொட்டுச் சொட்டா விடணும். வெள்ளைக்காரன் இதை ஒரு பெரிய சூட்சுமமா எழுதியிருக்கான். நம்ம வீட்டுல வெத்தலைப் பெட்டி வெச்சிருந்த கிழவிக்குத் தெளிஞ்ச சுண்ணாம்புத் தண்ணி தெரியாதா என்ன! (அதுக்காக வெத்தலைச் சுண்ணாம்பைத் தொட்டியில போட்டுறாதீங்க, மக்கா. அதுல வேற என்னென்ன கலந்திருக்கோ.)

இந்தச் சுண்ணாம்பு விஷயத்துல ஒரு வேதனை இருக்கு. 2011ல முதல் தொட்டிக்குத் தண்ணி எடுக்க மண்டபம் போனேன். மாமாவோட டாடா ஏஸ்ல இருபது லிட்டர் கேன் பத்து. கரையோரத் தண்ணி கலங்கலா இருக்கும்னு ஒரு பெரியவரோட வத்தையில கொஞ்ச தூரம் உள்ளே போய், கேன் வாயில காடாத்துணி கட்டி மொண்டோம். எதுக்குத் தம்பின்னு கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம துடுப்புப் போட்டவர், அப்புறமா, "தண்ணி எவ்வளவு வேணா எடுத்துக்கங்க. கல்லு மட்டும் எடுத்துறாதீங்க"ன்னார்.

"இல்லைய்யா, நான் கல்லுக்கு வரலை."

"நாங்க எடுத்தோம் தம்பி. வாலிபத்துல வத்தை வத்தையா ஏத்திக் கரையில தள்ளுவோம். காளவாய்க்குப் போகும். எங்களுக்கு அது வெறும் கல்லு. அதுக்கு உசுரு இருக்குன்னு அப்ப யாரு சொன்னா?"

மன்னார் வளைகுடாவுல பல வருஷம் பவளப்பாறையை வெட்டி எடுத்துச் சுண்ணாம்புக்கும் ஆலைகளுக்கும் அனுப்பியிருக்காங்க. பாறை போனா அலையைத் தடுக்க ஆள் இல்லை. அங்க இருந்த 21 தீவுல பூவரசன்பட்டி, விலங்குசல்லி ரெண்டும் கடலுக்குள்ள போயிடுச்சு. 1986ல அந்தப் பகுதியைக் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கினாங்க. 2001ல எல்லாக் கல்பவளங்களையும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில, புலிக்குச் சமமா சேர்த்தாங்க. அதாவது பவளத்தைச் சுட்டு நாம சுண்ணாம்பாக்கினோம், அதே காலத்துல பெர்லின்காரன் சுண்ணாம்பைக் கரைச்சுப் பவளமாக்கினான்.

லைவ் ராக்னு இங்க யாராவது ரகசியமா காட்டினா அது அநேகமா அந்தக் கடல்ல இருந்து பேர்த்த பவளக்கல்தான். அந்த வருஷமே எனக்கும் ஒரு கடையில காட்டினாங்க. "ராமேஸ்வரம் சரக்கு சார், சும்மா ஜம்முன்னு இருக்கும்." பெரியவரைப் பார்க்காம இருந்திருந்தா வாங்கியிருப்பேன். உண்மையைச் சொல்லணும்ல.

கல்லு வாங்காததால கடைக்காரர் சொன்ன மாற்றுவழிக்குப் போனேன். கேனிஸ்டர் ஃபில்டர். மூடின டப்பா, உள்ளே ஸ்பாஞ்ச், பீங்கான் வளையம், கரி, மோட்டார். தொட்டி மூணடிக்கு ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, ஏறக்குறைய 190 லிட்டர். ரெண்டு க்ளவுன் மீன் (ஆமாங்க, நீமோதான்), ஒரு நீல டாம்சல், ஒரு கல்லுல ஒட்டின நாலு மஷ்ரூம். மஷ்ரூம்ங்கிறது பவளத்தோட எலும்பில்லாத ஒண்ணுவிட்ட சொந்தம். ஒண்ணரை வருஷம் அருமையா ஓடிச்சு. நானும் பெரிய ஆள்னு நினைச்சுக்கிட்டேன்.

அப்புறம் 2012 வந்துச்சு. சென்னைக்காரங்களுக்கு அந்த வருஷம் எப்படியோ, எங்களுக்கு ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல கரண்ட் இருக்காது. ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். கேனிஸ்டர் அதுக்குப் பழகிடுச்சு. ஐப்பசியில ஒரு ராத்திரி, மழையில எங்க தெரு ட்ரான்ஸ்ஃபார்மர் போயிடுச்சு. ஏழு மணிக்குப் போன கரண்ட் வரவே இல்லை. பதினோரு மணிக்கு க்ளவுன் ரெண்டும் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. இன்வெர்ட்டர் ஏற்கனவே செத்துப் போச்சு. நான் டார்ச்சைப் பிடிச்சுக்கிட்டு கை பிசைஞ்சுக்கிட்டு நிக்கிறேன்.

அம்மா எந்திரிச்சு வந்தாங்க. ஒரு நிமிஷம் பார்த்தாங்க. "டேய், காத்து வேணும்கிறதுதானே? தள்ளு"ன்னுட்டு, சமையக்கட்டுல இருந்து செம்பை எடுத்துட்டு வந்து, தொட்டித் தண்ணியை மொண்டு ஒரு முழ உசரத்துல இருந்து ஊத்த ஆரம்பிச்சாங்க. மொண்டு ஊத்து, மொண்டு ஊத்து. கை வலிச்சதும் நான். அப்புறம் தங்கச்சி. மறுபடியும் அம்மா. நாலு மணி வரைக்கும். மீன் மூணும் உயிரோட கீழே இறங்கி நீந்துச்சு. ஆனா தைன் அம்மையார் கதையை நான் படிச்சது அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு. படிச்சப்ப, ஜன்னல் ஓரத்துல நின்ன அந்தப் பேரில்லாத பொண்ணுக்கு எங்க அம்மா முகம்தான் வந்துச்சு.

நாலே காலுக்குக் கரண்ட் வந்துச்சு. நாங்க மூணு பேரும் கை தட்டினோம். போய்ப் படுத்துட்டோம்.

காலையில எந்திரிச்சா வீடெல்லாம் அழுகின முட்டை வாசம். க்ளவுன் ரெண்டும் ஒருக்களிச்சுக் கிடந்துச்சு. மஷ்ரூம் எல்லாம் சுருங்கி மிளகாட்டம். டாம்சல் மட்டும் மூலையில.

என்ன ஆச்சுன்னு புரிய நாளாச்சு. மூடின டப்பாவுக்குள்ள தண்ணி ஓடாம நின்னா, உள்ளே இருக்கிற கோடிக்கணக்கான பாக்டீரியா ஆக்சிஜனைச் சீக்கிரமே தீர்த்துடும். நல்ல கூட்டம் சாகும், அழுகல் கூட்டம் கிளம்பும். ஒன்பது மணி நேரம் ஊறின அந்த விஷத்தை, கரண்ட் வந்ததும் மோட்டார் நேரா தொட்டிக்குள்ள தள்ளியிருக்கு. அம்மா கையால காப்பாத்தின மீனை நான் சுவிட்சை அணைக்காம விட்டுக் கொன்னேன். கரண்ட் போன உடனே ப்ளக்கைப் பிடுங்கியிருந்தா, வந்ததும் டப்பாவைத் திறந்து கழுவிட்டுப் போட்டிருந்தா மூணும் இருந்திருக்கும். வாங்குறப்ப கடையில யாரும் சொல்லலை. நானும் கேக்கலை.

அதனால எந்த ஃபில்டர்னு என்னைக் கேட்டா, நான் முதல்ல திருப்பிக் கேக்குறது இதுதான்: கரண்ட் இல்லாம அது எவ்வளவு நேரம் தாங்கும்? விளம்பரத்துல மணிக்கு இத்தனை லிட்டர்னு போட்டிருப்பான். நின்னா என்ன ஆகும்னு போட மாட்டான். கேனிஸ்டர் நின்னா விஷம். சரளை நின்னாலும் கொஞ்ச நேரத்துல அதே கதி. ட்ரிக்கிள் உருண்டை ஈரமா காத்துல இருக்கிறதால பாக்டீரியா தாக்குப்பிடிக்கும், அந்த விஷயத்துல அதைத் திட்ட மாட்டேன். திறந்த தொட்டிக்குள்ளயே கிடக்கிற துளைக்கல்லுக்கு ஒரு பேட்டரி காத்து பம்பு போதும், ராத்திரி பூரா கிடக்கும். ஜகார்த்தாக்காரர் சொன்னது பணக்கார ஊருக்கு இல்லை, நமக்குத்தான்.

ஆனா கல்லுக்கு எங்க போறது? நண்பர் ஒருத்தர், "நம்ம மாவட்டத்துலயே கரிக்காலியில சுண்ணாம்புக்கல் வெட்டுறாங்களே"ன்னார். போய்ப் பார்த்தேன். அது பளிங்கு மாதிரி இறுகின கல், துளையே இல்லை. வீடில்லாத கல்லுல பாக்டீரியா எங்க குடியிருக்கும்? கடைசியில நானே செஞ்சேன். சிமெண்ட் ஒரு பங்கு, நொறுக்கின கிளிஞ்சல் ரெண்டு பங்கு, கல்லுப்பு ரெண்டு பங்கு. கொஞ்சமா தண்ணி தெளிச்சுப் பிசைஞ்சு மணல் குழியில உருட்டி வெச்சு, இறுகினதும் தண்ணியில போட்டா உப்புக் கரைஞ்சு துளையாயிடும். சிமெண்ட் காரம் போகணும், அது முக்கியம். மொட்டை மாடியில ட்ரம்முல ரெண்டு மாசம் ஊறப் போட்டு, நாலு நாளைக்கு ஒரு தடவை தண்ணி மாத்தி, பி.ஹெச் சோதிச்சு இறங்கினதும்தான் தொட்டிக்குள்ள விட்டேன். அதுக்கப்புறமும் ஒன்றரை மாசம் மீனே விடலை. ஒரு துண்டு இறாலைப் போட்டு அழுக விட்டு, அம்மோனியா ஏறி இறங்கி, நைட்ரைட் ஏறி இறங்கினதைக் குறிச்சு வெச்சேன். வாரிங்டன் மகன் சொன்ன ரெண்டு படியும் என் நோட்டுல கோடு கோடா இருக்கு.

மத்ததெல்லாம் சுருக்கமா. ஒரு சின்ன ஸ்கிம்மர் இருக்கு, கரண்ட் போனா அது சும்மா நிக்கும், விஷம் கக்காது. தண்ணிக்கு ஆர்.ஓ. தான். எங்க ஊர் போர் தண்ணி கடினம், அதுலயும் தோல் ஷாப்புக் கழிவு இறங்கின பக்கம்னா கிட்டயே போகாதீங்க. அதுல கடல் உப்பு லிட்டருக்கு 35 கிராம். சித்திரை வெயிலுக்குச் சில்லர் வாங்கச் சொல்வாங்க. நான் ஒரு டேபிள் ஃபேனைத் தண்ணி மேல சாய்ச்சு வெச்சிருக்கேன், ரெண்டு மூணு டிகிரி இறங்குது. இது சென்னைக்காரங்களுக்கு இவ்வளவு எடுபடாது. எங்க காத்து காஞ்ச காத்து, சீக்கிரம் ஆவியாகும். அதுக்குப் பதிலா தினமும் ரெண்டு மூணு லிட்டர் நல்ல தண்ணி ஊத்தணும். 2010லயும் 2016லயும் மன்னார் வளைகுடாவுல வெயில் தாங்காம பவளம் வெளுத்துச்சு, அங்க ஃபேன் வைக்க முடியாது.

மீனுக்குக் கடலைத் தொடத் தேவையில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் க்ளவுன் மீனைத் தொட்டியிலயே குஞ்சு பொரிக்க வெச்சிருக்காங்க, அப்படிப் பிறந்ததாக் கேட்டு வாங்குங்க. காட்டுல பிடிச்சதைவிட நல்லா சாப்பிடும்.

மிளகாட்டம் சுருங்கின அந்த நாலு மஷ்ரூம்ல ஒண்ணு பிழைச்சுது. இப்ப சிமெண்ட் கல்லு மேல பதினேழு இருக்கு, நேத்து எண்ணினேன். தொட்டிக்குப் பக்கத்து அலமாரியில பேட்டரி பம்பும் டார்ச்சும் இருக்கு. அதோட ஒரு செம்பும் இருக்கு. போன வாரம் தாய்மாமா வந்தப்ப அதை எடுத்துக்கிட்டுத் தண்ணி குடிக்கப் போனார். அம்மா வெடுக்குன்னு பிடுங்கி, "அது மீனோடது"ன்னுட்டாங்க.